இடது சக்கரத்தின் கீச்சுச் சத்தம்

இலங்கை மலைநாட்டு இறம்பொடையில் அருவித் தண்ணீர் ரோட்டோரம் வந்து கொட்டுகிற வளைவில் என் பலசரக்குக் கடை இருந்தது. அதை ஒட்டி, ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற முனாப் நானாவின் கராஜ். நுவரெலியாவிலிருந்து இறங்கி வருகிற டிரைவர்மார் எல்லோரும் அந்த வளைவில் நிற்பார்கள், எல்லோரையும் எனக்குப் பிடிக்கும். வீரய்யா ஒருவரைத்தான் பிடிக்காது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் காரை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு, அரிசி வாங்க வந்தவர்கள் அதில் சாய்ந்துவிடக் கூடாதென்று காவல் நிற்கிற மனுசனை எந்தக் கடைக்காரனுக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் தேயிலை மலையில் வேலை செய்தவர்கள். இவர் இளவட்டத்தில் கொழுந்து லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, லொறி டிரைவராகி, கடைசியில் தொரையின் கார் டிரைவரானவர். தொழிலாளர் குடியிருக்கிற அவர் லயத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்காமல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். பங்களாவுக்குப் பக்கத்தில் டிரைவர் வீடும் கிடைத்தது. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும். எனக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான் என்று இப்போது படுகிறது.

அவர் மனைவி மீனம்மா கொழுந்தெடுப்பவள். சாமான் வாங்க வந்தால் புருசனைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லாமல் போகமாட்டாள். "என்னயப் பாத்து ஒரு நாளாச்சும் களச்சுப் போயிட்டியான்னு கேட்டிருக்காராங்க? அந்தக் காரப் பாத்துக் கேக்குறாருங்க!" என்பாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. மலை இறங்குகிற வண்டிகளுக்கெல்லாம் அந்தக் காலத்தில் பிரேக் சூடேறிக் காய்ந்து போகும், கருகல் வாடை அடிக்கும். வளைவில் நிறுத்தி, அருவியில் ஒரு வாளி பிடித்துச் சக்கரத்தில் ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். லொறிக்காரன், பஸ்காரன் எல்லோருக்கும் அது வழக்கம். மற்றவர்கள் ஏனோதானோவென்று வீசிவிட்டுப் போவார்கள். வீரய்யா மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி, குனிந்து, நிதானமாக, நல்லா குளிரட்டும் என்று ஊற்றுவார். இறங்கின அலுப்பு வண்டிக்குத் தீர வேண்டாமா என்று கேட்பார்.

அறுபத்துமூன்றாம் வருசம் தொரை சீமையிலிருந்து புதுக் கார் ஒன்றை வரவழைத்தார். அதன் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். பழைய கார்களில் பிரேக் ஒரு இரும்புச் சட்டிக்குள் மூடிக் கிடக்கும். இதில் பளபளவென்று ஒரு வட்டத் தட்டு, அதுதான் டிஸ்க், சக்கரத்தோடு சேர்ந்து வெளியே தெரியச் சுற்றும். பிரேக்கை மிதித்தால் பேட் என்கிற இரண்டு கட்டை இரண்டு பக்கமும் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். வீரய்யா ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சக்கர ஓட்டை வழியாக அதைக் காட்டினார். என்னைக் கூப்பிடவில்லை. நானே போய் எட்டிப் பார்த்தேன்.

சில மாதம் போனதும் அந்தக் கார் சத்தம் போட ஆரம்பித்தது. பிரேக் பிடித்தால் முன்னாலிருந்து கீச், கீச் என்று ஒரு அலறல். வளைவுக்கு மேலே வரும்போதே என் கடைக்குள் கேட்கும். "உங்க பெரிய பிள்ள அழுதுகிட்டு வருது," என்று நானும் ஒரு தடவை கிண்டல் செய்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் குனிந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விசயம் பெரிதென்று எனக்கு உறைத்தது.

தொரை சொல்லிவிட்டாராம். இந்தப் புது பிரேக் மலைநாட்டுக்குச் சரிப்படாது, சத்தம் போகாவிட்டால் காரை விற்றுவிட்டு ஜீப் வாங்கிக்கொள்வேன், ஜீப்பை நானே ஓட்டுவேன் என்று. ஜீப்புக்கு டிரைவர் வேண்டாமென்றால் வீரய்யாவுக்கு வீடும் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. மறுபடி லயம், மறுபடி பெரட்டு. மம்பட்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். இத்தனை வருசம் யாரையெல்லாம் காரில் சாயாதே என்று விரட்டினாரோ அவர்களோடு போய் நிற்க வேண்டும்.

ஒரு காலையில் காரை முனாப் நானாவிடம் கொண்டுவந்தார். தொரை சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் வந்து முடிவு கேட்பார் என்றார்.

முனாப் நானா டிஸ்க் பிரேக்கைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. அதை ஒத்துக்கொள்வாரா? "எனக்குத் தெரியாத பிரேக் இன்னும் பொறக்கல்ல," என்று சாரத்தை மடித்துக் கட்டினார். முதலில் மூடுபனியைக் குற்றம் சொன்னார். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் துரு படியும், ரெண்டு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும் என்றார். வீரய்யா ரோட்டில் பத்துத் தடவை பிடித்துக் காட்டினார், போகவில்லை. பிறகு பேட்டைக் கழற்றித் தூசி தட்டி, விளிம்பைத் தேய்த்து மாட்டினார். வெள்ளோட்டம் விட்டுத் திரும்புவதற்குள் சத்தம் திரும்பிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை, கடையை அப்படியே போட்டுவிட்டு கராஜுக்குள் போய்விட்டேன்.

மூன்றாவது தடவை முனாப் நானா காரின் இடது சீட்டில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே போனார். இறங்கியதும் முகம் மாறியிருந்தது. "இது ஓயாம கத்தல்லப்பா. விட்டு விட்டுக் கத்துது. சக்கரம் ஒரு சுத்துச் சுத்துனா ஒரு கத்து. மெதுவாப் போனா மெதுவாக் கத்துது. அப்ப கோளாறு பேட்டுல இல்ல, சுத்துற சாமான்ல இரிக்கி."

"பிரேக்க மிதிச்சா காலயும் எத்தி எத்தி விடுதுங்க நானா," என்றார் வீரய்யா.

"இத முந்தியே செல்ல ஏலாதா?" என்று, முன்பே சொல்லாததற்குக் கோபித்துக்கொண்டார் முனாப் நானா.

இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்றினார். டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, வீரய்யாவை மெல்லச் சுற்றச் சொன்னார். தட்டு நேராக இருந்தால் சுற்று முழுக்கக் கோடு விழ வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தது. மற்றப் பக்கம் சுண்ணக்கட்டியில் படாமலே போனது. வலது சக்கரத்திலும் அதையே செய்தார். அதில் கோடு முழு வட்டமாக விழுந்தது.

"இடது டிஸ்க் கோணிப் போச்சு," என்றார். "கல்லுல மோதினயா?"

"சத்தியமா இல்லீங்க!"

"அப்ப இது மட்டும் ஏன் கோணுது? இடது பக்கத்துல அப்பிடி என்னத்தயன் நடக்குது?"

அந்த நேரம் வெளியே ஒரு லொறி இறங்கி வந்து வளைவில் நின்றது. கிளீனர் குதித்து, அருவியில் வாளியைப் பிடித்து, பக்கத்திலிருந்த சக்கரத்தில் வீசினான். மேலிருந்து இறங்குகிற வண்டிக்கு அருவி இருப்பது இடது பக்கம், எல்லோரும் தண்ணீர் ஊற்றுவதும் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குத்தான். முனாப் நானா அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "வீரய்யா, நீ இந்தக் காருக்கும் தண்ணி ஊத்துறயா?"

"பின்ன? ஒரு நாள் தவறினதில்லீங்க. இது தொறந்து கெடக்குற பிரேக்கு, தண்ணி நேரா உள்ள போயிரும். பழைய கார விட நல்லாக் குளிருதுங்க," என்று பெருமையாகவே சொன்னார்.

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. காய்ந்து கிடக்கிற மெல்லிய இரும்பில் பச்சைத் தண்ணீர். மூடின சட்டி தாங்கியது, திறந்த தட்டு தாங்கவில்லை. நாங்கள் எல்லோரும் தினமும் கண்ணால் பார்த்த காரியம், ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைக்கு ஊட்டின சோறே சேராமல் போனது என்று கேட்ட தாய் மாதிரி இருந்தார்.

முனாப் நானாவுக்கு இளகின மனசு. "நான் தொரைகிட்டச் செல்றன், சீமையிலயே கோளாறாப் பண்ணி அனுப்பிட்டான்னு. ஒன் பேர்ல குத்தம் வராது," என்றார்.

"அப்பிடிச் சொன்னா கார வித்துருவாருங்களே நானா!"

"அப்ப உண்மையச் செல்லு."

"சொன்னா என்னய வெரட்டிருவாருங்களே!"

 நான் வீரய்யாவுக்கு ஒரு பிளேன் டீ கொண்டுவந்து கொடுத்தேன். அது ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலம் ஜீப் வந்தது. தொரை இறங்கி, "என்னா முனாப்? கார் விக்கிறதா?" என்றார். முனாப் நானா வாயைத் திறப்பதற்குள் வீரய்யா எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார்.

"விக்க வேணாங்க தொரை. காரு நல்ல காரு. நாந்தாங்க கெடுத்துப்புட்டேன். காஞ்ச டிஸ்க்குல தண்ணிய ஊத்தி ஊத்திக் கோண வச்சிட்டேன். நம்ம பெக்டரி லேத்துல போட்டுக் கொஞ்சம் சீவினா நேராயிரும்னு நானா சொல்றாரு. என்னய என்ன வேணா செய்யுங்க, கார மட்டும் வித்துராதீங்க."

தொரை சுண்ணக்கட்டிக் கோட்டைப் பார்த்தார், அருவியைப் பார்த்தார். முகம் கழுத்துவரை சிவந்தது. இதோ வெடிக்கப்போகிறார் என்று நான் சுவரோடு ஒதுங்கினேன்.

"வீரய்யா," என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை நான் தனியா கிளப் போறது. கம்பளை டவுன் போறது. இங்க நிப்பாட்டி நானும் தண்ணி ஊத்தறது. நீ செய்றது பாத்து, நானும் செய்றது. நெறைய ஊத்தறது."

வீரய்யாவுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "தொரைக்கு அறிவிருக்காங்க?" என்று கத்தினார். "காஞ்ச இரும்புல பச்சத்தண்ணிய ஊத்துவாங்களா? புதுக் காருங்க அது! கேக்குறதில்லையா ஒரு வார்த்தை?"

முனாப் நானாவின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. வீரய்யா வாயைப் பொத்திக்கொண்டார். தோட்டத்துத் தொரையை நடுரோட்டில் வைத்து ஒருவர் திட்டி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தொரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, வீரய்யா," என்றார். "இனி ஊத்தறது இல்லே."

டிஸ்க்கைத் தேயிலை பெக்டரி லேத்தில் சீவி மாட்டினார்கள், சத்தம் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் சத்தமில்லாமல் வளைவு திரும்பி இறங்கியது, நிற்காமல் போனது. வெள்ளைக் கோட்டோடு வீரய்யா ஓட்ட, கிளப்புக்குப் போகிற தொரை பின்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனியாக ஓட்ட அவருக்குச் சாவி கிடைக்கவில்லை.