அசெபெயா என்னும் குற்றம்

ரங்கூன், லான்மடாவ். காலை மணி பத்தேகால். துறைமுகக் கூலிகள் தங்கும் கொட்டடியின் வாசலில், காய்ச்சலில் இறந்துபோன ஒரு முதியவரைப் பாடையில் கிடத்தியிருக்கிறார்கள். அவருடைய ஒரே மகன் கப்பலில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். மேஸ்திரி அவனை இறங்க விடவில்லை.

"மத்தியானம் கப்பல் கெளம்புதுங்க. ஒரு ஆளு கொறைஞ்சாலும் தொரை என் தலையை உருட்டிடுவாரு" என்கிறார் மேஸ்திரி.

பொறுக்க முடியாமல், ரங்கூனுக்கு வரும் வழியில் என்னோடு பயணம் செய்த பாதிரியார் சொன்னதை அவரிடம் சொல்கிறேன். பழைய கிரேக்கர்களிடம் 'அசெபெயா' என்றொரு சொல் இருந்தது. தெய்வத்தை அவமதிப்பது மட்டுமல்ல, பெற்றவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அந்தச் சொல்லில் அடங்கும். அதற்கு வழக்குத் தொடுத்து மரண தண்டனைகூட விதித்தார்கள்.

மேஸ்திரி வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறார். "தூக்குல போடறதுன்னா யாரைங்க போடுவாங்க? வராத மகனையா, விடாத என்னையா, மூட்டைக்குக் காத்துக்கிட்டிருக்கிற தொரையையா?"

பாதிரியாரிடம் நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான்கு பேர் பாடையைத் தூக்குகிறார்கள். மேஸ்திரி நெருப்புச் சட்டியை எடுத்துக் கொட்டடியின் சமையற்காரர் கையில் கொடுக்கிறார். தெருமுனை வரை சமையற்காரரோடு நடக்கிறேன். இறந்தவரின் பெயர் என்ன என்று கேட்கிறேன்.

"தெரியாதுங்க ஐயா. நான் வேலைக்கு வந்தே ரெண்டு நாளுதான் ஆச்சு."