ஓரகத்தி வைத்த கனகாம்பரம்

பாகம் பிரித்தபோது முதலில் கேட்டுக்கொண்டவர்கள் நாங்கள்தான். "பெரியவன் மொதல்ல சொல்லட்டும்" என்றார் மாமனார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் பாயும் நஞ்சையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொழுந்தனுக்கு மிஞ்சியது கல்லும் கரம்புமாகக் கிடந்த மேட்டு நிலமும் அதிலிருந்த ஒரு கிணறும். அன்றைக்கு ஓரகத்தியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அந்த வருஷ அறுவடையில் அவளுக்கும் கொஞ்சம் நெல் கொடுத்தனுப்பினேன். அடுத்தவளுக்காகப் பாவப்படுவது எவ்வளவு சுகமான காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுபதுகளில் ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. அதற்கடுத்த வருஷம் இன்னும் மோசம். எங்கள் நாற்று நடவுக்கு வழியில்லாமல் நாற்றங்காலிலேயே பழுத்துப்போனது. திருமுக்கூடல் பக்கம் இருந்த தன் தாய்வீட்டிலிருந்து கனகாம்பர நாற்று கொண்டுவந்து, அதே வருஷம்தான் ஓரகத்தி மேட்டு நிலத்தில் வைத்தாள். நெல்லுக்குப் போதாத கிணற்றுத் தண்ணீர் பூவுக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்துப் பாத்திகளில் கத்திரி, வெண்டை. வேலி நெடுக அவரை. கொட்டகையில் ஒரு கலப்பின மாடு.

"ஒரே நெலத்துல இத்தினி போட்டா எது உருப்படும்?" என்று அவளிடமே கேட்டேன்.

எல்லாமே உருப்பட்டது. விடிந்ததும் பூவை ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு கொழுந்தன் காஞ்சிபுரம் பஸ் ஏறுவார். திரும்பும்போது கூடை வெறுமனே வராது. ஒருநாள் அவர்கள் பெண்ணுக்குச் சரிகைக் கரை போட்ட பாவாடை வந்தது. என் பெண் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்து கேட்டாள்: "ஏம்மா, நமக்கு மேட்டு நெலம் இல்லியா?"

எனக்கு வயிறு எரிந்தது. நாங்களே வேண்டாம் என்று தள்ளிய நிலம் அது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அவள் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு எதிரே வந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

ஒருநாள் அவளே வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, பூ பறிக்க ஆளு பத்தல. நீ வரியா? கூலின்னு நெனச்சிக்காத. நம்ம வூட்டு வேல மாரி."

"எனக்கு இங்க வேல கீது. வேற யாரயாவது பாரு" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் குதிரில் நெல் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மறுநாள் விடியற்காலையில் நானே போய் அவள் நிலத்தில் நின்றேன். அவள் ஒரு கூடையைக் கொடுத்து என் வரிசையைக் காட்டினாள்.

குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகும். கூடையில் கனம் ஏறவே ஏறாது. அவ்வளவு லேசான பூ. பறித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்தேன். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் கட்டுகிறாள், எருவை எங்கே கொட்டுகிறாள், எந்தக் காயை விதைக்கு விடுகிறாள் என்று கண்ணில் பட்ட எதையும் விடவில்லை. உதவிக்கு வந்தவள் என்று அவள் நினைத்திருப்பாள். நான் பொறாமையில் வந்தவள்.

அடுத்த வருஷம் கனகாம்பரச் செடிகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. ஊரே வந்து உச்சுக்கொட்டியது. எனக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் அழுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் மேட்டு நிலத்துக்குப் போனேன்.

அவள் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"பூவு போச்சேடி" என்றேன்.

"ஆமாக்கா, வவுறு எரியத்தான் செய்யிது. இன்னா பண்றது? வெண்டி கீது, கத்திரி கீது, மாடு கறக்குது. பூவ மட்டும் நம்பிக்கினு இருந்தாதான் பேஜாரு" என்றவள் என் முந்தானையை இழுத்து ரெண்டு கை நிறைய வெண்டைக்காயைப் போட்டாள்.

வீடு வரும்வரை அந்தக் காய் மடியில் கல்லாகக் கனத்தது. அவள் நஷ்டப்பட்டு நின்றதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஒன்று போனால் இன்னொன்றில் கைவைக்க அவளுக்கு இடம் இருந்தது. எங்களுக்கு நெல் போனால் எல்லாம் போச்சு.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன்.

"ஏரிக்கால் நெலத்துல வெண்டி போடறதா? ஊரு சிரிக்கும்" என்றார்.

"நான் அவ நெலத்துல பூ பறிச்சப்பவே ஊரு சிரிச்சாச்சி. மேட்டு நெலத்த ஒட்டிக் கெழக்கால கீற மூலைய மட்டும் எனக்கு வுடுங்க."

ரெண்டு நாள் கழித்து அந்த மூலையில் அவரே ஏரோட்டினார். பூ வைக்கத்தான் எனக்கு ஆசை. ஓரகத்தி வந்து மண்ணைக் கையில் பிசைந்து பார்த்தாள். "களிமண்ணுக்கா, தண்ணி நிக்கும். பூவு வாணாம். மேட்டுப் பாத்தி கட்டி வெண்டியும் கொத்தவரையும் போடு" என்றாள். அவள் சொல்லைக் கேட்கக் கசந்தது, ஆனாலும் கேட்டேன். அவள் கிணற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டதும் கொழுந்தன்தான்.

காய் பிடித்தது. என் கூடையும் அதே காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியது. எங்கள் இரண்டு பேர் கூடையில் எது முதலில் காலியாகிறது என்று நான் தினமும் கொழுந்தனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். பிறகு நல்ல மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. நஞ்சையில் பழையபடி நெல் நட்டோம். கிழக்கு மூலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குதிர் எந்த வருஷமும் அடியோடு காலியானதில்லை.

ஓரகத்தி அந்த மழை வருஷத்தில் இன்னொரு மாடு வாங்கினாள். நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். நல்ல மாடு, மடி பெருத்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நம் வீட்டுக் கொல்லையில் கொட்டகை எங்கே போடலாம் என்றே அவரிடம் பேசிக்கொண்டு வந்தேன்.