துளசிப் பச்சையும் வில்வப் பச்சையும்

மரகதமே திருமேனியாய் நின்று அடியவர் துயர் துடைக்கும் அன்னையின் தாளிணை போற்றித் தொடங்குகிறேன். இன்று ஆடி வெள்ளி. எங்கள் செம்பூர் வீட்டுக்கு வண்ணம் பூசவேண்டி, மருமகள் கைப்பேசியில் இரண்டு பச்சைகளைக் காட்டி எது நன்று என்று கேட்டாள். என் மனமோ மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டின் கூடத்துக்குப் போய்விட்டது.

பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது எனக்கு. அத்தையைப் பெண்பார்க்க வரவிருந்தார்கள். கல்யாணம் ஆனதும் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அத்தையோ கோட்டைப் பகுதி அலுவலகத்துக்கு நாள்தோறும் மின்ரயிலில் உற்சாகமாய்ப் பறக்கிறவள். ஆயினும் தமையன் சொல்லுக்கு மறுசொல் கூறி அறியாதவள்.

வருகிறவர்களுக்காக அப்பா கூடத்துக்கு வண்ணம் பூச முனைந்தார். சுவரில் பூசிப்பார்த்த இரு பட்டைகளுக்குத் துளசி என்றும் வில்வம் என்றும் பெயரிட்டார். அவருக்கு உலகில் வேறு பச்சை கிடையாது. எதைத் தேர்ந்தாலும் ஒரு தெய்வத்தை விலக்கியதாகுமே என்று தவித்தார். பூச்சுக்காரர் பொறுமை இழந்தார்.

"அரே சாப், தோனோ ஏக்கீச் ஹை!"

இரண்டும் ஒன்றே என்ற அத்வைதம் அன்று அப்பாவுக்கு ருசிக்கவில்லை. "நீயே சொல்லிடும்மா," என்று தங்கையிடம் விட்டுவிட்டார்.

அத்தை மாலையில் டியூப்லைட்டைப் போட்டு, ஒவ்வொரு பட்டையின் அருகிலும் நின்று கைக்கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பகலில் இரட்டையராய் இருந்த பச்சைகள் அவ்வெளிச்சத்தில் வேறாயின. வில்வத்தின் மஞ்சள் சாயல் அவள் கன்னத்தில் ஏறியது.

"வில்வமே இருக்கட்டும் அண்ணா. பரமேஸ்வரன் பாத்துப்பார்."

"பாத்தியா, என்ன பக்தி!" என்று அப்பா உருகினார்.

"உங்க தங்கைக்கா? எப்போலேர்ந்து?" என்றாள் அம்மா.

குறித்த மாலையில் வந்தவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் உண்டார்கள். புதுச்சுவரை ஒட்டி அமர்ந்திருந்த அத்தையையே உற்றுப் பார்த்த பிள்ளையின் தாயார், அம்மாவின் காதோரம் குனிந்தார்.

"பொண்ணு மஞ்சக்காமாலை ஏதாவது வந்து தேறினவளோ?"

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்லே மாமி!" என்று அம்மா பதறப் பதற, அந்த அம்மையாரின் ஐயம் வலுத்தது. சொல்லியனுப்புவதாகக் கூறி எழுந்துவிட்டார்கள்.

அத்தை சமையலறைக்குள் ஓடிப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நான் பின்னாலேயே சென்று என் பங்குச் சொஜ்ஜியை நீட்டினேன்.

"அழாதே அத்தை. அவாளே திரும்பி வரணும்னு பிள்ளையார்கிட்ட வேண்டிக்கறேன்."

"வேண்டாண்டா சமத்தே! அவரைத் தொந்தரவு பண்ணாதே!" என்று என்னை வாரியணைத்தவளின் கண்களில் நீர் வழிந்தது.

அது சிரித்துச் சிரித்து வந்த நீர் என்று அந்த வயதில் யார் அறிவார்? விளக்கின் முன் நின்று முழுமனத்தோடு வேண்டிக்கொண்டேன். எங்கள் இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்பது பிள்ளையாருக்குத் தெரிந்திருந்தது.

இதைப் படிப்போர் அனைவரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விருப்பத்தையும் அன்னை அறிந்து அருள்வாளாக. அவர்கள் இல்லங்களில் மங்கலம் பெருகுக.