இருபத்திரண்டா, நாற்பதா?

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில், வீட்டிலிருந்தபடியே ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மீனவர்களுக்குக் காற்று, அலை நிலவரம் சொல்லும் செயலி எங்களுடையது. ஒவ்வொரு அப்டேட்டிலும் என்ன மாறியிருக்கிறது என்று குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.

அன்று உதவி எண்ணில் பேசுபவர் விடுப்பு. காலை ஒன்பது மணி அழைப்பை நான் எடுத்தேன். திருவிடந்தையில் மீன் விற்கும் ஒரு பெண்.

"ஏம்மா, என் போன்ல மத்தியானத்துக்குக் காத்து நாப்பதுன்னு கீது. வூட்டுக்காரரு காலைல அவரு போன்ல இருவத்திரெண்டுன்னு பாத்துட்டு, காத்து கம்மிதான்னு கடலுக்குப் போய்ட்டாரு. எது நெசம்?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முந்தின நாள் அப்டேட்டில் காற்றின் வேகத்தைக் கிலோமீட்டரிலிருந்து, கப்பல்களில் வழங்கும் 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். இருபத்திரண்டு நாட் என்றால் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். காற்று அதேதான், எண் மட்டும் பாதியாகிவிட்டது. அவர் கணவரின் போனில் அப்டேட் ஏறிவிட்டது, அவருடையதில் ஏறவில்லை. இந்த மாற்றம் எனக்கு முன்பே தெரியும். சின்ன விஷயம்தானே என்று, "சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன" என்ற போன மாத வரியையே மறுபடி போட்டிருந்தேன்.

"நாப்பதுதான் சரிக்கா. உடனே அவரைத் திரும்பச் சொல்லுங்க!"

நல்லவேளை, படகுக்கு சிக்னல் கிடைத்தது. அலுவலகத்தில் சொல்லி எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்ப வைத்தேன். பதினொன்றரைக்கு மறுபடி போன். "வந்துட்டாங்கம்மா, படகுல போன மூணு பேரும். கரைல ஏறச்சொல்லோ அலை தூக்கி அடிச்சிடுச்சி. வலை போச்சு, ஆளுங்க நல்லா கீறாங்க." போனை வைத்துவிட்டு அழுதேன்.

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். திட்டு விழும் என்றுதான் போனேன். அவர் மீன் கூடையை நகர்த்தி உட்கார இடம் கொடுத்தார். நான் எழுதியிருந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இத்தக் கேட்டா எனக்கு இன்னா தெரியும்? 'நல்ல மீனு'ன்னு மட்டும் சொன்னா எவன் வாங்குவான்? இன்னா மீனு, எப்பப் புடிச்சதுன்னு சொல்லணும்ல? நீயும் இன்னா மாத்தினேன்னு சொல்லு, போதும்."

பழையபடி கிலோமீட்டருக்கே மாற்ற அலுவலகத்தில் முடிவாகியிருந்தது. அதற்கான குறிப்பை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'காற்றின் வேகம் மீண்டும் கிலோமீட்டரில் காட்டப்படும். போன அப்டேட்டில் வந்த எண் நாட் கணக்கு. எண் குறைந்ததே தவிர, காற்று குறையவில்லை.' படித்துக் காட்டியதும், "இப்பப் புரியுது" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு குறிப்பையும் முதலில் அவருக்குப் போனில் படித்துக் காட்டுகிறேன். வியாபார நேரமென்றால், "அப்பறம் கூப்புடு" என்பார். காத்திருப்பேன். என் அலட்சியத்தால் போயிருக்கக்கூடிய மூன்று உயிர்களைத் தன் ஒரு கேள்வியால் திருப்பிக் கொடுத்தவருக்கு, புரியும்படி எழுதுவதைத் தவிர வேறு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.