நான் தின்னாத சர்க்கரை

எனக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. முதல் எரிச்சலே அதுதான்.

தாகம், தலைச்சுற்றல், கால் வீக்கம் என்று ஏதாவது இருந்திருந்தால் நோய் வந்திருக்கிறது என்று மனசு ஒப்புக்கொண்டிருக்கும். ரெட்டியார்பாளையத்து வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, கணவர் சேவியரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான். ஆறாம் மாதத்துப் பரிசோதனை என்று குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, தாழ்வாரத்தில் காத்திருக்கச் சொல்லி, ரத்தம் எடுத்தார்கள். நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டிய அளவு நூற்று அறுபத்தெட்டு. கர்ப்பகால நீரிழிவு (கர்ப்பத்தின்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும் நிலை) என்றார் டாக்டரம்மா.

"எனக்கு எப்படி டாக்டர்? நான் இனிப்பே அவ்வளவா தொட மாட்டேனே."

அவர் பதிலுக்குக் கேள்விகளாகக் கேட்டார். வயசு? முப்பத்து நாலு. வீட்டில் யாருக்காவது சுகர்? அப்பாவுக்கு. கர்ப்பத்துக்கு முன் எடை? எழுபத்தாறு கிலோ. சினைப்பையில் நீர்க்கட்டி இருந்ததா? இருந்தது. முதல் குழந்தை பிறந்தபோது என்ன எடை?

நான் வாய் திறக்குமுன், பஸ்ஸில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட என் நாத்தனார் மார்கரெட் முந்திக்கொண்டார். சேவியருக்கு அக்கா, எங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"நாலே கால் கிலோ டாக்டர்! வார்டே வந்து பாத்துட்டுப் போச்சு. அவ்ளோ கொழுகொழுன்னு இருந்தா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்பவே யாராவது சந்தேகப்பட்டிருக்கணும்மா."

தாயின் ரத்தத்தில் உள்ள கூடுதல் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் உடம்பு இன்சுலினை (சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பு) அதிகமாகச் சுரக்கிறது. குழந்தை பெருத்துவிடுகிறது. பிறந்து கொடியை அறுத்ததும் வந்துகொண்டிருந்த சர்க்கரை நின்றுபோகும், சுரந்த இன்சுலின் நிற்காது. அப்போது குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், வலிப்பு வரைக்கும் போகலாம். இவ்வளவையும் அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஆறு வருஷமாக விருந்தாளி வந்தால் நாங்கள் முதலில் சொல்லும் பெருமை, உண்மையில் யாரும் படித்துப் பார்க்காத ஒரு எச்சரிக்கை.

தெருவில் செய்தி பரவ அரை நாள் போதும். எதிர் வீட்டு செல்வி சொன்னாள், "சுகர் உன்னைத் தேடி வரலக்கா. நீதான் அட்ரஸ் குடுத்திருக்க." பின்னால் இன்சுலின் ஊசி வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரர், "இந்த ஊசிக்குப் பயப்படாதீங்க, எங்க கால்வாய்க் கொசு இதைவிட ஆழமாப் போவும்" என்றார். மனிதர்கள் வாயில் வருவதைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த மாதங்களில் சேர்ந்ததில் பாதி, நான் கேட்காத புத்திமதி. வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ. ஒரு அம்மா, "ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடணும்" என்பார். அடுத்த நாளே, "ஏன்மா இவ்ளோ சாப்பிடுற, சுகராச்சே" என்பார். அதே அம்மாதான்.

சோற்றைக் குறைத்தேன். காய், பயறு, முட்டை, சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடை. இரண்டு வாரம் பார்த்தும் போதாமல் வேளைக்கு ஒரு இன்சுலின் ஊசி என்றானது. விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினோம். காலை வெறும் வயிற்றில் ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என நாளைக்கு நான்கு குத்து. எண்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும். நவம்பர் முழுக்க எண்கள் ஒழுங்காக இருந்தன. டாக்டரம்மா சரி போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அத்தனை சரி விழுந்ததில்லை.

டிசம்பர் வந்தது. எங்கள் வீட்டுக்கு அது கல்கல் மாதம். மைதா மாவில் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து, முள்கரண்டியின் முதுகில் சுருட்டி, பொரித்து, பாகில் புரட்டி எடுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம். அண்ணி வருஷா வருஷம் ஆர்டர் எடுத்துச் செய்வார். சுருட்டுவது என் வேலை. உட்கார்ந்த வேலைதானே, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு செய் என்றார். காலை பத்து மணிக்குத் தட்டை மடியில் வைத்தால் மத்தியானச் சாப்பாடு போக மாலை வரை போகும். ஒன்றுகூட வாயில் போடவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

மத்தியான எண் மட்டும் எகிற ஆரம்பித்தது. நூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுப் பத்து. காலை எண்ணும் இரவு எண்ணும் ஒழுங்காக இருந்தன.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு. நியாயமாக இந்த எண் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

"இங்க வர்ற அன்னிக்கு மட்டும் வாயைக் கட்டிட்டு வர்றீங்க. வீட்டுல என்ன சாப்பிடுறீங்க? மறைக்காதீங்கம்மா, குழந்தைக்குத்தான் கெடுதல்."

"சத்தியமா இல்ல டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

மத்தியான இன்சுலினை நான்கு அலகு கூட்டி எழுதினார்.

வீட்டில் இன்னும் மோசம். அண்ணி டப்பாவில் கல்கல்லை எண்ணத் தொடங்கினார். "இன்னாடி ரீத்தா, கேட்டா நானே ரெண்டு குடுத்திருப்பேனே. திருட்டுத்தனம் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சேவியர் சிரிக்கவில்லை. படுக்கப் போகும்போது மெதுவாக, "உண்மையைச் சொல்லு, நான் திட்ட மாட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஆறு வயசு மகள் என் வாயை மோந்து பார்த்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஊசி வலி பழகிவிடும். பசி பழகிவிடும். தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்லியும் நம்பப்படாமல் இருப்பது பழகாது. ஒரு கட்டத்தில் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்றுகூட நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. கூட்டிய ஊசி போட்டு, சாப்பிட்டு, மறுபடி தட்டோடு உட்கார்ந்தேன். மூன்று மணிவாக்கில் கை நடுங்கியது. முள்கரண்டி தட்டில் விழுந்தது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டுகிற அளவு வியர்வை. பேச்சு குழறியது. வயிற்றில் குழந்தை எப்போது கடைசியாக அசைந்தது என்று யோசித்தேன், நினைவு வரவில்லை.

அண்ணி ஓடிவந்து கருவியை எடுத்து என் விரலைக் குத்தினார். நூற்று எழுபத்திரண்டு.

"அண்ணி... இனிப்பா ஏதாச்சும் குடுங்க."

"சுகர் ஏறிக் கெடக்குது, இன்னும் இனிப்பா? ஒண்ணும் கெடையாது. வாயை மூடிக்கிட்டு ஆட்டோவுல ஏறு."

அவர்மேல் தப்பில்லை. கருவி அப்படித்தான் சொன்னது. சுற்றிலும் ஐந்து கிலோ சர்க்கரை, அதன் நடுவில் சர்க்கரை தாழ்ந்து நான் மயங்கிக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க நர்ஸ் ஒருவர் என் கையைப் பிடித்தார். பிடித்தவர் முகம் சுளித்தார்.

"கை ஏன்மா பிசுபிசுங்குது?"

அண்ணி சொன்னார், "கல்கல் சுருட்டினா சிஸ்டர்."

"மாவுல சர்க்கரையா?"

"பின்ன? உப்பா?"

நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஈரப் பஞ்சால் விரலைத் துடைத்து, உலர்த்தி, குத்தினார். நாற்பத்தாறு.

"சர்க்கரை ரத்தத்துல இல்லம்மா, விரல்லதான் இருக்குது. இத்தனை நாளா சோப்பு போட்டுக் கை கழுவாமத்தான் குத்திட்டிருந்தியா?"

குளுக்கோஸ் தண்ணீரை டம்ளரில் நீட்டினார். குடித்தேன். பிறகு வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் கருவியில் கேட்க ஆன நேரத்தை என்னால் அளந்து சொல்ல முடியாது. கேட்டது. குதிரை ஓடுவதுபோல் கேட்டது. அதன் பிறகுதான் அழுதேன், அதுவும் கோபத்தில்.

மத்தியானம் நான் கரண்டியால் சாப்பிடுகிறவள், சாப்பிட்டும் கை கழுவ வேண்டியதில்லை. மடியில் வேலை கிடக்கும்போது எழுந்து போகச் சோம்பல். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். காலையில் குளித்த கை, ராத்திரி பாத்திரம் தேய்த்த கை. அதனால் அந்த எண்கள் உண்மை சொல்லின. கருவி வாங்கியபோது பஞ்சு, ஊசி, ரத்தத் துளியைத் தொட்டு வைக்கும் பட்டை எல்லாம் விளக்கினார்கள். கை கழுவச் சொல்லியும் இருக்கலாம். ஏன் கழுவ வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அழுக்குக்காக என்று நினைத்தேன். என் கையில் அழுக்கு இல்லையே.

மறுநாள் டாக்டரம்மா நோட்டை வாங்கி, டிசம்பர் மாத மத்தியான எண்களைச் சிவப்பு மையால் வரிசையாக அடித்தார். ஊசியைப் பழைய அளவுக்கே குறைத்தார்.

"டாக்டர், நான் மறைச்சுச் சாப்பிடலன்னு அதுல ஒரு வரி எழுதிக் குடுங்க."

சிரித்தார். "அதெல்லாம் எதுக்கும்மா? விடுங்க."

விட்டேன் என்று சொல்ல ஆசைதான். அண்ணி ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. பலகாரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "கை கழுவாமக் குத்தினா இப்படித்தான் ஆவும், நான் அப்பவே நினைச்சேன்" என்று கதை சொன்னார். கேட்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி கடைசியில், முப்பத்தெட்டாம் வாரம், வலி வரவைத்து மகன் பிறந்தான். மூன்று கிலோ இருநூறு கிராம். ஒரு மணி நேரத்தில் அவன் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். முப்பத்து நான்கு. சீம்பால் கொடுத்தும் ஏறவில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு எடுத்துப் போய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பால் ஊட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குதிகாலில் ஒரு குத்து. என் பத்து விரல் பட்டதை அந்தக் குண்டுமணிக் குதிகால் பட்டது. அவனை யாரும் மறைத்துத் தின்றாயா என்று கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் கொடுத்து வைத்தவன்.

மூன்றாம் நாள் எண்கள் நிலைத்தன. கையில் கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள், "மூத்தவ மாதிரி இல்லையே, இளைச்சாப்ல இருக்கான்" என்றார்கள். நல்ல எடை என்று விளக்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில், ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, பிறகு வருஷத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. இப்படிக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போன பெண்களுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகமாம். ஆறாவது வாரம் பார்த்தேன், சரியாக இருந்தது. "அப்ப குணமாயிடுச்சு" என்றார் சேவியர். "இந்த வருஷத்துக்கு" என்றேன். முன்பெல்லாம் என் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும், நான் நல்லா இருக்கேன் என்று யோசிக்காமல் சொல்வேன். இப்போது அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது.

மகனுக்கு ஒன்பது மாதம். கருவியில் பேட்டரி தீர்ந்து நாளாகிறது. ஆனாலும் சோற்றில் முதல் வாய் வைத்ததும் என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, துணி மடித்து, பிள்ளையைத் தூங்க வைக்கிறேன். சரியாக இரண்டு மணி நேரம் ஆகும்போது எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுகிறேன். யாரும் என்னிடம் எண் கேட்கவில்லை. உடம்பு மட்டும் பதில் சொல்லத் தயாராக நிற்கிறது, இந்த முறையாவது நம்புவார்களா என்று.