அண்ணிக்குக் கரண்ட் வைத்த ஐந்து வாரம்

அண்ணிக்கு உதிரப்போக்கு தொடங்கிப் பல மாதம் கழித்துத்தான் வீட்டில் தெரிந்தது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், மலையிலேயே மறைவில் துணி மாற்றிச் சமாளித்திருக்கிறார். பதுளையில் பார்த்த டாக்டர், கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று சொல்லிக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணன் பிள்ளைகளோடு வீட்டில் நின்றுகொண்டார். அண்ணிக்குச் சிங்களம் வராது. பசறையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துச் சிங்களம் பழகியிருந்த நான் துணைக்குப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருஷங்கள் அவை.

கதிர் சிகிச்சையை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர தினமும். மெஷினுக்குக் கீழே படுப்பது சில நிமிடம். அதற்காக வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பது அரை நாள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் விலகி நிற்கும், கதிர் அதில் அதிகம் படாது. அதனால் முறை வருவதற்கு முன் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள்.

மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் அண்ணி தண்ணீர் குடித்த பிறகு மெஷின் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் முழங்காலை இறுக்கிக்கொண்டு இருந்தார். பிறகு சேலை நனைந்து, வாங்குக்குக் கீழே தரையில் ஓடியது. நானும் களைத்துப் போயிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்ல அண்ணி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

சாயங்காலம், தங்கியிருந்த அறையின் பின்பக்கம் நான் சேலையை அலசும்போது அண்ணி வந்து நின்றார்.

"கோவிச்சுக்காத புள்ள. முடியல."

"நான்தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணி," என்றேன். அவர் சேலையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தார்.

கடைசியில் உடம்புக்கு உள்ளேயே குழாய் வைத்துக் கதிர் கொடுத்தார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அண்ணிக்குச் சொன்னேன்: "கட்டிக்குப் பக்கத்துலயே வைக்கிறதால மத்த எடத்துக்கு அவ்வளவா போகாதாம்."

"நீ பக்கத்துல இருப்பியா?"

"யாரும் இருக்கக் கூடாதாம் அண்ணி. கதவுக்கு வெளிய இருக்கேன்."

அசையாமல் கிடந்துவிட்டு வெளியே வந்தபோது, கடித்துக் கடித்து அவர் உதடு புண்ணாகியிருந்தது. "முடிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நோய் போய்விட்டது. ஆனால் வயிறு பழையபடி ஆகவில்லை. ஏற்றம் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாமல், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் பரிசோதனைக்கு நானே கூட்டிப் போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், கொழும்பைத் தாண்டுவதற்கு முன்பே அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். நானும் தூங்கிவிடுவேன்.