தேசிக்காய்க்கு வந்த தீயணைப்பு வண்டி

சுவிஸ் நகரமான வின்டர்தூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்த பெண்மணிக்கு அவசரத் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் மனப்பாடம். கீழ்வீட்டில் மிளகாய் வறுத்தால் வாயு கசிகிறது என்று பொலிசுக்குச் சொல்வார். அதே வீட்டில் பிறந்தநாளுக்கு நாலு பேர் உரக்கச் சிரித்தால் கத்திக்குத்து என்பார். முதல் மாடிச் சுவிஸ்காரர் சனிக்கிழமைதோறும் பால்கனியில் இறைச்சி சுட்டுப் புகை எழுப்புவார். அந்தப் புகை மட்டும் பெண்மணியின் மூக்குக்கு எட்டியதேயில்லை.

கீழ்வீட்டுக்காரர் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்த தமிழர். எனக்கு மகன் வயது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்முகத்துக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு பழைய கார் வாங்கினார். கோயிலுக்குக் கொண்டுபோகும்வரை பொறுக்க மனைவிக்கு மனமில்லை. வாகனத் தரிப்பிடத்திலேயே மாலை போட்டு, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, தேங்காயின் மேல் கற்பூரம் கொளுத்திச் சுற்றினார்கள். மேல்வீட்டுப் பெண்மணி மாலை கட்டியதிலிருந்தே பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் சிதறியதும் உள்ளே போனார்.

சற்று நேரத்தில் தீயணைப்பு வண்டியும் பொலிசும் வந்தன. வெளிநாட்டார் கார் கொளுத்துகிறார்கள் என்று தகவலாம். கொளுத்தப்பட்ட கார் மாலையோடு பளபளவென்று நின்றது. தீயணைப்பு வீரர் ஒருவர் குனிந்து ஒரு தேசிக்காயை எடுத்து, மணந்து பார்த்து, இருந்த இடத்திலேயே பக்குவமாக வைத்தார். பொலிஸ்காரர் பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொண்டு போனார்.

அன்று மாலை கணவனும் மனைவியும் என்னிடம் வந்தார்கள்.

"ஐயா, இனி எனக்குச் சுவிஸ் பாஸ்போட் தருவாங்களோ? பொலிஸ் வந்து வந்து போற வீடு எண்டெல்லோ நினைப்பாங்கள்."

யாழ்ப்பாணத்து நீதிமன்றத்திலும் இங்கே மொழிபெயர்ப்பு வேலையிலும் ஆயுளைக் கழித்த எனக்கு இப்படியொரு வழக்குக் கிடைத்தால் தேத்தண்ணிகூட வேண்டாம். விளக்கினேன். இனவெறிக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் பகிரங்கமாகச் சொன்னால்தான் குற்றம். பொலிசின் காதுக்குள் சொன்னால் அது பகிரங்கமல்ல. பொய் அபாய அழைப்புக்கும் சட்டம் இருக்கிறது. ஆனால் பொய்யென்று தெரிந்தே அழைத்ததாக நிரூபிக்க வேண்டும். 'பயந்துவிட்டேன்' என்று அவர் சொன்னால் கதை முடிந்தது. பயத்துக்கு யார் சாட்சி? இரண்டு சட்டங்களுக்கும் நடுவே சாய்மனைக் கதிரை போட்டுப் பெண்மணி சுகமாக இருந்தார். ஆளின் நிறத்தைப் பார்த்து அடிக்கும் பொய் அபாயமணியும் வெறுப்புக் குற்றமே என்று சட்டத்தை நீட்ட வேண்டும், அதற்கு நாடு முழுவதும் குடிமக்களிடம் கையெழுத்துச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"நீங்கள் பேர்ண் பாராளுமன்றத்துக்குப் போய்ச் சட்டத்தை ஆறுதலா நீட்டிப்போட்டு வாங்கோ ஐயா," என்றார் மனைவி. "இவருக்கு வாற கிழமை நேர்முகம். கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

நேர்முகத்தில் ஆறுகளையும் மலைகளையும் கேட்டு முடித்தபின் ஒருவர் அவசர இலக்கங்கள் தெரியுமா என்று கேட்டாராம். இவர் மூச்சு விடாமல் ஒப்புவித்திருக்கிறார்.

"எப்பிடி இவ்வளவு கெதியாச் சொல்லுறீர் எண்டு கேட்டினம் ஐயா. பொலிசும் தீயணைப்பும் எங்கட வீட்டுக்கு வந்து போறவை, அம்புலன்ஸ்தான் இன்னும் வரேல்லை எண்டன்."

குழு சிரித்துவிட்டு ஏன் என்று கேட்டது. அவர் தேசிக்காயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். குழுவின் நடுவில் இருந்த கத்தோலிக்கர் ஒருவர், தன் காரிலும் பயணிகளைக் காக்கும் புனிதரின் பதக்கம் ஒன்று ஒட்டியிருப்பதாகச் சொன்னாராம்.

பாஸ் வந்தது. இருவரும் பலகாரத் தட்டோடு வந்தார்கள்.

"ஐயா, அந்தக் கையெழுத்து அலுவலைத் தொடங்குங்கோ. இப்ப எனக்கு உரிமை இருக்கு. முதலாவது நான், ரெண்டாவது நீங்கள்."

எத்தனையோ பேரை நேர்முகத்துக்குத் தயாராக்கி அனுப்பிய நான் இன்னமும் குடியுரிமை எடுக்காமல், வதிவிட அனுமதியான சி விசாவில்தான் இருந்தேன். நான் கையெழுத்துப் போட முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஓமோ?" என்றார் மனைவி, தட்டிலிருந்த வாய்ப்பன் பலகாரத்தை என் பக்கம் நகர்த்தியபடி. "அப்ப முதல்ல நீங்கள் நேர்முகத்துக்குப் போங்கோ ஐயா. இலக்கங்களைப் பாடமாக்க மேல்வீட்டு அம்மாட்டைக் கேளுங்கோ. வடிவாச் சொல்லித் தருவா."